விவிலியக் கதைகளும் ஐரோப்பிய ஓவியங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்கால ஐரோப்பாவின் கையெழுத்து ஏடுகளிலும் தேவாலயச் சுவர்களிலும் உள்ள விவிலியப் படங்களைப் பார்க்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “வேதத்தில் இப்படி இல்லையே?” அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். படம் வசனத்தை விட்டு விலகும் இடத்தில் ஏதோ ஒன்று வேலை செய்திருக்கும்: ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு வழிபாட்டு வழக்கம், காசு கொடுத்தவரின் விருப்பம், அல்லது வண்ணத்தின் இயல்பு. கீழே உள்ள பதில்கள் அந்த இடங்களைப் பற்றியவை.

மோசேயின் தலையில் ஏன் கொம்பு இருக்கிறது?

யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் மோசே கற்பலகைகளோடு சீனாய் மலையிலிருந்து இறங்குகிறார். கடவுளோடு பேசியதால் அவர் முகம் ஒளிர்கிறது. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் வரும் வினைச்சொல் ‘காரன்’. ‘கேரென்’ என்றால் கொம்பு. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. விவிலியத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்த ஜெரோம் இங்கே ‘கோர்நூட்டா’ என்று எழுதினார். கொம்புள்ள முகம் என்று பொருள். அந்த லத்தீன் விவிலியமே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மேற்கு ஐரோப்பா முழுவதும் வாசிக்கப்பட்டது.

ஆனாலும் அந்தச் சொல் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் படமாகாமல் கிடந்தது. நமக்குத் தெரிந்த மிகப் பழைய கொம்புள்ள மோசே, 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் உருவான ஏடு ஒன்றில் இருக்கிறார். விவிலியத்தின் முதல் ஆறு நூல்களைப் பழைய ஆங்கிலத்தில் தரும் அந்த ஏட்டில் ஏறத்தாழ 400 படங்கள் உண்டு. மக்கள் பேசும் மொழியில் ‘கொம்பு’ என்றே எழுதியிருந்ததை ஓவியர் அப்படியே வரைந்தார். அங்கிருந்து அது பரவி, டிஜோனில் கிளாஸ் ஸ்லூட்டர் செதுக்கிய மோசே வழியாக, ரோமில் சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் இருக்கும் மைக்கேலாஞ்சலோவின் சிலை வரை வந்தது.

நாளடைவில் கொம்பு வெறும் அடையாளக் குறியாகிவிட்டது. செங்கடலைக் கடக்கும் காட்சியில்கூட மோசேக்குக் கொம்பு இருக்கும். கதைப்படி அவர் அப்போது கற்பலகை வாங்கச் சீனாய் மலையில் ஏறவே இல்லை. பிற்காலத்தில் சிலர் கொம்புக்குப் பதிலாக நெற்றியிலிருந்து இரண்டு ஒளிக்கற்றைகளை வரைந்தார்கள். எபிரேயச் சொல்லின் இரண்டு பொருளுக்கும் அது இடம் கொடுத்தது. இந்தக் கொம்பைக் கண்டதும் இழிவு என்று முடிவு கட்ட வேண்டாம்; மோசேயைப் பொறுத்தவரை அது மகிமை. யூதர்களை வெறுப்போடு காட்டும் இடைக்காலப் படங்கள் தனியே நிறைய உண்டு. விகாரப்படுத்திய மூக்கும் முகமும், இயேசுவைத் துன்புறுத்துவோருக்கு மட்டும் மாட்டிய கூர்த்தொப்பியும் அவற்றின் அடையாளம். அங்கே மழுப்பாமல் வெறுப்பு என்றே சொல்ல வேண்டும்.

ஏவாள் கையில் ஆப்பிள்தானா?

வசனத்தில் ‘கனி’ என்று மட்டுமே இருக்கிறது. லத்தீனில் ஆப்பிளுக்கும் தீமைக்கும் ஏறக்குறைய ஒரே ஓசையுள்ள சொற்கள் இருப்பதைப் பலரும் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் ஜெரோமின் மொழிபெயர்ப்பிலும் அந்த இடத்தில் பொதுவான ‘கனி’தான் வருகிறது. பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கத்து ஓவியர்கள் ஆப்பிளை வரைந்தார்கள். சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் மைக்கேலாஞ்சலோ வரைந்தது அத்தி மரம். பாவம் செய்ததும் இருவரும் அத்தி இலைகளைத் தைத்து உடுத்தினார்கள் என்று அடுத்த வசனமே சொல்வதால் அதற்கு வலுவான நியாயம் உண்டு. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் 1432இல் முடிந்த பலிபீட ஓவியத்தில் ஓவியர் வான் ஐக்கின் ஏவாள் பிடித்திருப்பது கரடுமுரடான தோலுள்ள நாரத்தை போன்ற பழம்.

பாம்புக்குப் பெண் முகம் இருந்தால் அந்தப் படம் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டுக்கோ அதற்குப் பிற்பட்ட காலத்துக்கோ உரியது. 12ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பீட்டர் கொமெஸ்டர் எழுதிய விவிலிய வரலாற்றுப் பாடநூலில், சாத்தான் கன்னிப்பெண் முகமுள்ள பாம்பைத் தேர்ந்தெடுத்தான் என்ற குறிப்பு இருக்கிறது. அந்நூல் பள்ளிகளில் பரவிய பிறகு பாம்பின் முகமும் மாறியது.

ஞானிகள் மூவர், அரசர்கள், ஒருவர் கறுப்பர். இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் எண்ணிக்கையும் இல்லை, பெயரும் இல்லை, கிரீடமும் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூவர் ஆனார்கள். ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் உள்ள பழைய படங்களில் இரண்டு பேரும் உண்டு, நான்கு பேரும் உண்டு. ரவென்னாவில் சான்ட் அப்பொலினாரே நுவோவோ தேவாலயத்தின் 6ஆம் நூற்றாண்டு மொசைக்கில் மூவரும் பாரசீகக் காற்சட்டையோடு நடக்கிறார்கள். மேலே பல்தாசார், மெல்கியோர், காஸ்பார் என்று எழுதியிருக்கிறது. அரசர்கள் என்ற எண்ணத்துக்கு 72ஆம் சங்கீதம் துணை: அதில் அரசர்கள் காணிக்கை கொண்டுவந்து பணிகிறார்கள். இளைஞர், நடுவயதினர், முதியவர் என்று வயது பிரித்தது இடைக்கால வழக்கம். ஒருவரை ஆப்பிரிக்கராக வரைவது 15ஆம் நூற்றாண்டில்தான் பரவலாகிறது.

பதுவாவின் ஸ்க்ரொவெக்னி சிற்றாலயத்தில் ஜொத்தோ வரைந்த நட்சத்திரத்துக்கு நெருப்பு வால் இருக்கிறது. 1301இல் ஹேலி வால்நட்சத்திரம் தோன்றியது. சிற்றாலயம் 1305இல் அர்ச்சிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருப்பது கடினம்.

பிறப்புக் காட்சியை வைத்துப் படத்தின் காலத்தைக் கணிக்க முடியுமா?

ஓரளவு முடியும். மரியாள் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். குகைக்குள் படுக்கையில் சாய்ந்திருக்கிறார், பக்கத்தில் மருத்துவச்சிகள் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள், யோசேப்பு கன்னத்தில் கைவைத்து ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார் என்றால், அது கிழக்குத் திருச்சபையிலிருந்து வந்த பழைய அமைப்பு. மருத்துவச்சிகள் விவிலியத்தில் இல்லை. யாக்கோபின் பெயரால் வழங்கும் முதல் நற்செய்தி என்ற புறநூலில் இருக்கிறார்கள்.

மரியாள் வெறுந்தரையில் கிடக்கும் குழந்தையின் முன் முழந்தாளிட்டுக் கும்பிடுகிறார், குழந்தையின் உடலிலிருந்தே ஒளி வீசுகிறது, யோசேப்பின் கையில் மெழுகுவத்தி என்றால், அது ஸ்வீடனின் புனித பிரிஜித்தாவுக்குப் பிற்பட்டது. அவர் 1372இல் பெத்லகேமுக்குப் போனபோது கண்ட காட்சி இப்படித்தான் எழுதிவைக்கப்பட்டது. சில பத்தாண்டுகளில் இத்தாலியிலும் வடக்கிலும் ஓவியர்கள் அதற்கு மாறினார்கள். கவனம்: பழைய அமைப்பும் நின்றுவிடவில்லை. ஆகவே முழந்தாளிட்ட மரியாளைக் கொண்டு ‘இதற்கு முன் இல்லை’ என்று சொல்லலாம். படுத்திருக்கும் மரியாளைக் கொண்டு ‘இதற்குப் பின் இல்லை’ என்று சொல்ல முடியாது.

மாடும் கழுதையும்? லூக்காவில் இல்லை. ஏசாயா முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்தில் மாடு தன் எஜமானையும் கழுதை தன் எஜமானின் முன்னணையையும் அறியும் என்று வருகிறது. 4ஆம் நூற்றாண்டுக் கல் சவப்பெட்டிகளின் சிற்பங்களிலேயே இரண்டும் வந்துவிட்டன.

ஒரே படத்தில் ஒரே ஆள் மூன்று முறை வருகிறாரே, தவறா?

தவறில்லை. ஒரே களத்தில் கதையின் பல கணங்களை வைப்பது வழக்கம். ஃப்ளாரன்ஸின் பிராங்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சோ 1420களில் வரைந்த வரிப்பணக் காட்சியில் பேதுரு மூன்று இடங்களில் இருக்கிறார். நடுவில் வரி வசூலிப்பவர் நிற்க, இயேசு ஏரியை நோக்கிக் கை நீட்டுகிறார். இடக்கோடியில் பேதுரு குந்தி உட்கார்ந்து மீனின் வாயிலிருந்து காசு எடுக்கிறார். வலக்கோடியில் அந்தக் காசைக் கொடுக்கிறார். நடு, இடம், வலம் என்ற வரிசையில் படிக்க வேண்டும். இடமிருந்து வலமாகப் படித்தால் கதை புரியாது. இப்படிப்பட்ட படங்களில் முதலில் ஒரே நிற உடையைத் தேடுங்கள். பேதுருவுக்கு இங்கே நீல அங்கி மேல் மஞ்சள் போர்வை. அது எங்கெங்கே தெரிகிறதோ அதுவே கதையின் தடம்.

பழைய ஏற்பாட்டுக் காட்சியையும் புதிய ஏற்பாட்டுக் காட்சியையும் ஏன் ஜோடி சேர்த்திருக்கிறார்கள்?

முன்னது பின்னதற்கு முன்நிழல் என்று திருச்சபை வாசித்தது. இதற்கு நற்செய்தியிலேயே ஆதாரம் உண்டு. யோனா மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்ததை மத்தேயு 12:40 இயேசுவின் அடக்கத்தோடு இணைக்கிறது. மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பை யோவான் 3:14 சிலுவையோடு இணைக்கிறது.

இதை மிகத் தெளிவாகப் படிக்கக்கூடிய இடம் வியன்னாவுக்கு அருகே க்ளோஸ்டர்நொய்பர்க் மடம். வெர்தூன் ஊர் நிக்கோலாஸ் 1181இல் முடித்த எனாமல் தகடுகள் அங்கே மூன்று வரிசையில் இருக்கின்றன. மேல் வரிசை மோசேயின் சட்டத்துக்கு முந்தியது, கீழ் வரிசை சட்டத்தின் காலம், நடு வரிசை இயேசுவின் வாழ்க்கை. மேலிருந்து கீழாக ஒரு பத்தியைப் பாருங்கள்: ஈசாக்கைப் பலியிடப்போகும் ஆபிரகாம், சிலுவையில் இயேசு, கானானிலிருந்து பெரிய திராட்சைக் குலையைத் தடியில் கட்டி இருவர் தூக்கிவருதல். தடியில் தொங்கும் குலைதான் மரத்தில் தொங்கும் உடல். இன்னொரு பத்தியில் குழியில் இறக்கப்படும் யோசேப்பு, கல்லறை, மீன் விழுங்கும் யோனா. பழைய ஏற்பாட்டுக் காட்சி ஒன்று காரணமில்லாமல் ஒரு படத்தின் மூலையில் சிறியதாக இருந்தால், அதன் ஜோடி பெரும்பாலும் நடுவில் இருக்கும்.

13ஆம் நூற்றாண்டின் பாரிஸில் அரச குடும்பத்துக்காகச் செய்த விளக்க விவிலியங்கள் இதை உச்சத்துக்குக் கொண்டுபோயின. பக்கத்துக்கு 8 வட்டங்கள். ஒரு வட்டத்தில் கதை, அதன் கீழ் வட்டத்தில் அதன் பொருள். கடவுள் கவராயத்தால் உலகை அளக்கும் புகழ்பெற்ற படம் அப்படியொரு ஏட்டின் முகப்பு. இப்போது வியன்னாவில் இருக்கிறது.

இந்தப் படங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வரையப்பட்டவையா?

பாதி உண்மை. ஏறத்தாழ 600ஆம் ஆண்டில் பெரிய கிரகோரி பாப்பரசர், படங்களை உடைத்த மார்சேய் ஆயருக்கு எழுதிய கடிதத்தில், எழுத்தறியாதவர்கள் சுவரில் வாசிக்கிறார்கள் என்று கண்டித்தார். சுவருக்கு அது பொருந்தும். ஏடுகளுக்குப் பொருந்தாது, அவை மடங்களிலும் அரண்மனைகளிலும் பூட்டிய பெட்டிகளில் இருந்தன. ‘ஏழைகளின் விவிலியம்’ என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற 15ஆம் நூற்றாண்டு மரக்கட்டை அச்சுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்: 40 பக்கத்திலும் படங்களைச் சுற்றி, சொற்களைச் சுருக்கி எழுதிய லத்தீன். படிக்காத ஏழை அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அது பிரசங்கம் செய்கிறவர்களின் கைநூலாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆட்களை எப்படி அடையாளம் காண்பது?

கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பேதுருவுக்குத் திறவுகோல், பவுலுக்கு வாள், அந்திரேயாவுக்குப் பெருக்கல் குறி போன்ற சிலுவை, பர்த்தொலொமேயுவுக்குத் தோலுரிக்கும் கத்தி, மகதலேனா மரியாளுக்குத் தைலச் சிமிழ். நற்செய்தியாளர்களில் மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு. கையில் எதுவும் இல்லாவிட்டாலும் பேதுருவையும் பவுலையும் முகத்தை வைத்தே சொல்லிவிடலாம். பேதுருவுக்கு அடர்ந்த குட்டை நரைமுடியும் வட்டத் தாடியும். பவுலுக்கு வழுக்கையும் நீண்ட கருந்தாடியும். 4ஆம் நூற்றாண்டிலிருந்தே இது மாறவில்லை.

மிகவும் குழப்பம் தருவது, வெட்டிய தலையோடு நிற்கும் பெண். வாளும் கூடவே பையோ வேலைக்காரியோ இருந்தால் யூதித்து, தலை அவள் கொன்ற எதிரிப் படைத்தலைவன் ஒலோபெர்னஸுடையது. தட்டில் தலை இருந்து வாள் இல்லாவிட்டால் சலோமே. தலை, ஏரோதின் விருந்தில் ஆடி அவள் பரிசாகக் கேட்ட திருமுழுக்கு யோவானுடையது. வாளும் தட்டும் இரண்டும் இருந்தால்? பிரான்செஸ்கோ மஃபேயி வரைந்த அப்படியொரு படத்தைப் பற்றிக் கலை வரலாற்றாளர் எர்வின் பனொஃப்ஸ்கி 1939இல் எழுதினார். யூதித்துக்குத் தட்டுக் கொடுக்கும் வழக்கம் ஜெர்மனியிலும் வட இத்தாலியிலும் முன்பே இருந்தது. சலோமேக்கு வாள் கொடுத்த மரபு இல்லை. யூதித்தின் வாள் அவள் வீரத்தின் சின்னம். அதை எடுத்து வேறொருத்தி கையில் கொடுக்க முடியாது. ஆகவே அவள் யூதித்து.

ஜெப நேர ஏட்டிலிருந்து ஒரு தனித்தாள் கிடைத்தால் அது எந்தப் பகுதி என்று கண்டுபிடிப்பது எப்படி?

இல்லறத்தார் நாளில் எட்டு வேளை ஜெபிக்க வைத்திருந்த ஏடு இது. இடைக்காலத்தின் பிற்பகுதியில் இவ்வளவு அதிகமாகச் செய்யப்பட்ட ஏடு வேறில்லை. மரியாளின் ஜெப நேரங்களில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு படம் உண்டு. பிரான்சில் பொதுவான வரிசை: இரவு ஜெபத்துக்கு வானதூதர் மரியாளுக்குச் சொன்ன மங்கள வார்த்தை, விடியலுக்கு மரியாள் எலிசபெத்தைச் சந்தித்தல், அடுத்து இயேசு பிறப்பு, பிறகு இடையர்களுக்கு அறிவித்தல், நண்பகலுக்கு ஞானிகள் வணக்கம், அதன்பின் கோவிலில் காணிக்கை, மாலைக்கு எகிப்துக்கு ஓட்டம், படுக்கும் முன் மரியாளுக்கு முடிசூட்டு. தாவீது இருந்தால் மனம்வருந்தும் ஏழு சங்கீதங்கள். பத்சேபாள் குளிப்பதும் அங்கேதான் வரும். லாசரு அல்லது குப்பைமேட்டில் யோபு என்றால் இறந்தோருக்கான ஜெபம்.

விதிவிலக்கு உண்டு. இங்கிலாந்தில் செய்த ஏடுகளில் இதே வேளைகளுக்கு இயேசுவின் பாடுகள் வரக் காண்கிறோம். ஆகவே படத்தை மட்டும் நம்பாமல் கீழே உள்ள முதல் சொற்களையும் பாருங்கள். ‘தோமினே லாபியா மேயா’ என்றால் இரவு ஜெபம். ‘தேயுஸ் இன் அத்யுதோரியும்’ என்றால் மற்ற வேளைகளில் ஒன்று. ‘கொன்வெர்தே நோஸ்’ என்றால் கடைசி வேளை.

இப்படித் தனித்தாள் விற்பனைக்கு வருவதே ஒரு முழு ஏட்டை யாரோ பிரித்துவிட்டார்கள் என்பதற்குச் சாட்சி. இது வருந்தத்தக்க வியாபாரம். அதில் வாங்குகிறவருக்கும் பங்கு உண்டு.

ஒரு படப் பக்கம் எப்படி உருவாகிறது?

தோலிலிருந்து தொடங்குகிறது. கன்று, ஆடு, செம்மறி ஆகியவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் சில நாட்கள் ஊறவைத்து, மயிரை வழித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். கயிறு தோலைக் கிழிக்காமலிருக்க ஓரத்தில் சிறு கூழாங்கல்லை வைத்துச் சுருட்டி, அந்த முடிச்சில் கயிற்றைப் போடுவார்கள். பிறகு பிறைக்கத்தியால் சுரண்டுவார்கள். சுரண்டும்போது சிறு கீறல் விழுந்தால், இழுவிசையில் அது நீள்வட்ட ஓட்டையாகிவிடும். எழுத்தர் அதைச் சுற்றிக்கொண்டு எழுதிப்போவார். காய்ந்த தாளில் மயிர்ப்பக்கம் சற்று மஞ்சள், மயிர்க்கால் புள்ளி தெரியும், சதைப்பக்கம் வெண்மை. ஏட்டைக் கட்டும்போது மயிர்ப்பக்கத்துக்கு எதிரே மயிர்ப்பக்கம், சதைப்பக்கத்துக்கு எதிரே சதைப்பக்கம் வரும்படி மடிப்பார்கள். திறந்த இரண்டு பக்கமும் நிறம் ஒவ்வாமல் இருந்தால், நடுவில் ஒரு தாள் காணாமல் போயிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

அளவு எவ்வளவு? 12ஆம் நூற்றாண்டின் வின்செஸ்டர் விவிலியத்துக்கு ஏறத்தாழ 250 கன்றுத் தோல்கள் ஆயின; 468 தாள்கள், ஒவ்வொன்றும் 583 மில்லிமீட்டர் உயரம். ஏறத்தாழ 700ஆம் ஆண்டில் வட இங்கிலாந்தில் எழுதி, இப்போது ஃப்ளாரன்ஸில் இருக்கும் அமியாட்டினுஸ் விவிலியத்துக்கு 500க்கு மேற்பட்ட தோல்கள். எடை 34 கிலோவுக்கு மேல்.

முதலில் எழுத்தர் எழுதுவார், படத்துக்கு இடம் விட்டு. ஓவியர் ஈய ஊசியால் கோடு போட்டு, மையால் உறுதிப்படுத்துவார். அடுத்தது தங்கம். வண்ணத்துக்கு முன் தங்கம் என்ற வரிசை மாறக் கூடாது: தங்க ரேக்கு காயாத வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தேய்த்து மெருகேற்றும்போது பக்கத்து வண்ணமும் அழியும். தங்கத்துக்கு அடியில் சுண்ணப்பசை மேடு வேண்டும். நீற்றிய ஜிப்சம், சிறிது ஈய வெள்ளை, தோல் பசை அல்லது மீன் பசை, கொஞ்சம் சர்க்கரை அல்லது தேன், நிறத்துக்கு ஆர்மீனியச் செம்மண். சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைக்கும். மேடு காய்ந்த பிறகு அதன் மேல் வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரத்தில் பசை விழித்துக்கொள்ளும். அந்த நொடியில் ரேக்கை வைத்து அழுத்த வேண்டும். காற்று வறண்டிருந்தால் ரேக்கு ஒட்டாது. ஈரம் மிகுந்தால் மெருகுக்கல்லோடு மேடே பெயர்ந்து வரும். மெருகேற்ற நாய்ப் பல்லையோ வழவழப்பான கல்லையோ பயன்படுத்தினார்கள்.

அதன் பிறகே வண்ணம். முட்டை வெள்ளைக்கருவிலோ அரபிப் பிசினிலோ குழைத்த அடிநிறம், அதன்மேல் நிழல், பிறகு வெள்ளைக் கீற்று, கடைசியில் கருங்கோடு. சிவப்புக்குச் சாதிலிங்கம், செந்தூரம், மஞ்சளுக்கு அரிதாரம், பச்சைக்குச் செம்புக் களிம்பு. சிறு படத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் ‘மினியேச்சர்’ என்று பெயர் வந்ததே செந்தூரத்தின் லத்தீன் பெயரான ‘மினியும்’ என்பதிலிருந்துதான். சிறியது என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது.

இந்தப் படிகள் எல்லாம் கண்ணால் தெரிய வேண்டுமானால் வின்செஸ்டர் விவிலியத்தைப் பாருங்கள். அது முடிக்கப்படாமல் நின்றுபோனது. ஒரு முதலெழுத்து வெறும் கோடு, ஒன்று தங்கம் மட்டும், ஒன்று முழு வண்ணம் என்று எல்லா நிலையும் ஒரே ஏட்டில் கிடக்கிறது.

மரியாளின் நீலம் ஏன் அவ்வளவு விலை?

அது ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைச் சுரங்கத்து லாபிஸ் லசூலி கல். இடித்தால் மட்டும் நீலம் வராது. சாம்பல் நிறப் பொடிதான் மிஞ்சும். இத்தாலிய ஓவியர் செனினோ செனினி ஏறத்தாழ 1400இல் எழுதிய கைநூலில் முறை இருக்கிறது. ஒரு பவுண்டு கல் பொடிக்கு 6 அவுன்ஸ் தேவதாருப் பிசின், 3 அவுன்ஸ் மஸ்திக் பிசின், 3 அவுன்ஸ் புது மெழுகு உருக்கிச் சேர்த்துப் பிசைய வேண்டும். குறைந்தது மூன்று நாள் வைத்திருந்து தினமும் பிசைந்து, பிறகு வெதுவெதுப்பான சாம்பல் காரநீரில் அமுக்கினால் நீலத்துகள் மட்டும் நீரில் இறங்கும். அழுக்கு பிசினில் தங்கும். முதல் நீரில் வருவது ஆழ்ந்த ஊதா கலந்த நீலம். கடைசி நீரில் வருவது வெளிறிய சாம்பல் நீலம்.

ஆகவே ஒப்பந்தத்திலேயே நீலத்தின் தரத்தை எழுதிவைத்தார்கள். ஃப்ளாரன்ஸின் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்காகக் ஓவியர் கிர்லாந்தாயோ 1485இல் ஒப்புக்கொண்ட ஞானிகள் வணக்கப் படத்துக்கு மொத்தம் 115 ஃப்ளோரின் (அந்நகரின் தங்க நாணயம்). நீலமோ அவுன்ஸுக்கு 4 ஃப்ளோரின் விலையுள்ளதாக இருக்க வேண்டும். ஒரு படத்தில் மரியாளுக்கு மட்டும் ஒரு நீலமும் மற்றவர்களுக்கு மங்கலான வேறு நீலமும் இருந்தால், அங்கே செலவுக் கணக்கும் பக்தியும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன.

முகங்கள் கறுத்தும் உடை உதிர்ந்தும் இருப்பது ஏன்?

ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு நோய் உண்டு. ஈய வெள்ளை சுவரில் கறுக்கும்: அசிசியின் மேல் தேவாலயத்தில் சிமாபுவே வரைந்த சிலுவைக் காட்சியில் ஒளி விழுந்த இடமெல்லாம் கறுத்துப்போய், ஃபிலிம் நெகட்டிவ் போலத் தெரிகிறது. வெள்ளி கறுக்கும், தோலையும் அரிக்கும்: 6ஆம் நூற்றாண்டு வியன்னா ஆதியாகமத்தில் ஊதாச் சாயமிட்ட தோலில் வெள்ளி மையால் எழுதிய எழுத்துகள் சில இடங்களில் தாளைத் தின்று ஓட்டையாக்கிவிட்டன. செம்புக் களிம்பும் அப்படியே.

சுவரில் இன்னொரு சிக்கல். ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் வண்ணம் வைத்தால் அது காயும்போது சுவரோடு கல்லாகிவிடும். ஒருநாள் வேலைக்கு எவ்வளவோ அவ்வளவுதான் பூச வேண்டும். ஆனால் நீலத்தைக் காய்ந்த சுவரில் பசை கலந்து போட்டார்கள். அது பிடிக்காமல் உதிரும். ஜொத்தோவின் பதுவா சுவர்களில் மரியாளின் நீலப் போர்வை பல இடங்களில் போய்விட்டது இதனால்தான்.

லியொனார்தோ மிலானில் இறுதி இராப்போஜனத்தை (ஏறத்தாழ 1495 முதல் 1498 வரை) முழுவதுமே காய்ந்த சுவரில் வரைந்தார். மெதுவாகத் திருத்தித் திருத்தி வரைகிறவருக்கு ஈரப்பூச்சின் அவசரம் ஒத்துவரவில்லை. 1517இலேயே அது கெடத் தொடங்கிவிட்டதைப் பார்த்தவர் குறித்திருக்கிறார். 1652இல் வாசல் வெட்டியபோது இயேசுவின் பாதங்கள் போயின. 1943இல் குண்டு விழுந்து பக்கத்துச் சுவர் இடிந்தபோது மணல்மூட்டைகள் இதைக் காத்தன. 1978 முதல் 1999 வரை பழுதுபார்த்தார்கள். இன்று நாம் பார்ப்பதில் மூலத் துணுக்குகளும் இடையிடையே நிரப்பிய மங்கல் நீர்வண்ணமும் கலந்திருக்கின்றன.

ஏடுகளில் அழிவுக்கு மனிதக் கையும் வாயும் காரணம். பூசைப் புத்தகத்தின் சிலுவைப் படத்தைக் குரு முத்தமிட்டு முத்தமிட்டு இயேசுவின் உருவம் தேய்ந்திருக்கும். பிசாசின் முகத்தை யாரோ நகத்தால் சுரண்டியிருப்பார்கள். அந்தத் தேய்மானத்தைக் குறையாக நினைக்காதீர்கள். படம் பயன்பட்ட விதத்துக்கு அதைவிட நேரடிச் சான்று கிடையாது.

பெத்லகேமில் ஏன் பனி? தாவீது ஏன் இரும்புக் கவசம் அணிந்திருக்கிறார்?

வேதம் தம் ஊரில், தம் காலத்தில் நடப்பதாகவே காட்டினார்கள். பீட்டர் ப்ரூகெல் 1566இல் வரைந்த பெத்லகேம் குடிமதிப்பு, பனி மூடிய ஃப்ளாண்டர்ஸ் கிராமம். கழுதைமேல் வரும் மரியாளைக் கூட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதே காலத்தில் அவர் வரைந்த மாசில்லாக் குழந்தைகள் படுகொலையில் வீரர்கள் அன்றைய கூலிப்படையைப் போலவே இருக்கிறார்கள். அந்தப் படம் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபிடம் போன பிறகு, குழந்தைகள்மீது மூட்டைகளும் பறவைகளும் விலங்குகளும் வரைந்து மறைக்கப்பட்டன. இன்று அது பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. ஒரு தாய் மூட்டையை மடியில் வைத்து அழுகிறாள். ஏன் என்று இப்போது புரியும்.

1240களில் பாரிஸில் உருவான சிலுவைப்போர் விவிலியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இப்போது நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் பெரும்பகுதி இருக்கிறது. சவுலும் தாவீதும் பிரெஞ்சு வீரர்களின் சங்கிலிக் கவசத்தில் போரிடுகிறார்கள்; 13ஆம் நூற்றாண்டு ஆயுதங்களை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். முதலில் அதில் ஓர் எழுத்தும் இல்லை, படம் மட்டுமே. பிறகு லத்தீன் குறிப்பு சேர்ந்தது. போலந்தின் கர்தினால் மாச்செயொவ்ஸ்கி அதைப் பாரசீகத்தின் ஷா அப்பாசுக்கு அனுப்ப, 1608இல் இஸ்பஹானில் பாரசீகக் குறிப்பு சேர்ந்தது. அதன்பின் எபிரேய எழுத்தில் பாரசீகம். மூன்று சமயத்தார் ஒரே படத்தின் ஓரத்தில் தம் தம் மொழியில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஓவியர் விருப்பம்போல் வரைய முடிந்ததா?

வெனிஸில் பவுலோ வெரொனேசே 1573இல் ஒரு மடத்தின் உணவுக் கூடத்துக்காக ஏறத்தாழ 13 மீட்டர் அகலத்தில் இறுதி இராப்போஜனம் வரைந்தார். ஜூலை 18ஆம் தேதி சமய விசாரணை மன்றம் அவரை அழைத்தது. மூக்கில் இரத்தம் வடியும் வேலைக்காரன், ஈட்டி பிடித்த ஜெர்மானியர், கோமாளி ஆகியோருக்கு அந்தப் பந்தியில் என்ன வேலை என்று கேட்டார்கள். கவிஞருக்கும் பித்தருக்கும் உள்ள உரிமை ஓவியருக்கும் உண்டு என்று பதில் சொன்னார். மூன்று மாதத்தில் திருத்தச் சொன்னார்கள். அவர் தலைப்பை மாற்றினார்: லூக்கா 5ஆம் அதிகாரத்தைக் குறிக்கும் வரியை எழுதி, அதை லேவி வீட்டு விருந்தாக்கினார். லேவி வீட்டில் பாவிகளும் வரி வசூலிப்போரும் பந்தியிருந்ததாக வசனமே சொல்கிறது.

மைக்கேலாஞ்சலோவின் கடைசித் தீர்ப்புக்கு அந்த வழி இல்லை. அவர் இறந்த மறு ஆண்டு, 1565இல், நிர்வாண உருவங்களுக்கு டானியேலே ட வொல்தெர்ரா துணி வரைந்தார்.

படத்தில் உள்ள எழுத்தை நம்பலாமா?

சரிபாருங்கள். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ரெம்பிராண்டின் பெல்ஷாத்சார் விருந்தில் (தானியேல் 5: ராஜாவின் விருந்தில் ஒரு கை சுவரில் எழுதும் கதை) சுவரில் ‘மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்’ என்பது எபிரேய எழுத்தில் மேலிருந்து கீழாக இருக்கிறது. ராஜாவின் ஞானிகளால் ஏன் வாசிக்க முடியவில்லை என்பதற்கு அந்த அமைப்பே விளக்கம்: அவர்கள் குறுக்காக வாசித்தார்கள். ஆனால் கடைசி எழுத்து தவறு. ‘நூன்’ வர வேண்டிய இடத்தில் ‘சாயின்’ இருக்கிறது; கோட்டின் நீளத்தில்தான் இரண்டுக்கும் வேறுபாடு.

வான் ஐக்கின் மங்கள வார்த்தைக் காட்சியில் மரியாளின் பதில் தலைகீழாக எழுதியிருப்பது தவறில்லை. அது மேலே இருக்கும் கடவுள் வாசிக்க.

எந்தத் தமிழ் விவிலியத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது?

கத்தோலிக்கப் பதிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். யூதித்து, தோபித்து, மக்கபேயர், தானியேல் நூலின் சூசன்னா பகுதி ஆகியவை புராட்டஸ்டன்ட் பதிப்பில் இல்லை. ஓவியர்களுக்கோ அவை மிகப் பிடித்தமானவை.

எண்களில் இரண்டு பொறிகள் உண்டு. லத்தீன் சங்கீத எண் நம் எண்ணைவிடப் பெரும்பாலும் ஒன்று குறைவு: தாவீதின் மனவருத்தப் பாட்டு நமக்கு 51, அவர்களுக்கு 50. நாம் 1 சாமுவேல் என்பதை லத்தீன் ஏடுகள் முதலாம் இராஜாக்கள் என்கின்றன. ‘முதலாம் இராஜாக்கள் நூலின் முதலெழுத்து’ என்ற குறிப்பின் கீழே அன்னாளும் எல்க்கானாவும் இருந்தால் குழம்ப வேண்டாம். நம் 1 இராஜாக்கள் அவர்களுக்கு மூன்றாவது.

இணையத்தில் ஏட்டைத் திறந்தேன். தாள் எண்ணை எப்படிப் படிப்பது?

ஏடுகளுக்குப் பக்க எண் கிடையாது, தாள் எண்தான். தாளின் முன்பக்கம் ‘ரெக்டோ’, திருப்பினால் பின்பக்கம் ‘வெர்சோ’. திறந்த ஏட்டில் வலப்புறம் தெரிவது ரெக்டோ. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் கெல்ஸ் ஏட்டில் இதைப் பழகிப் பாருங்கள். ஏறத்தாழ 800ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த ஏடு முழுவதும் இணையத்தில் இருக்கிறது. 34ஆம் தாள் ரெக்டோவுக்குப் போங்கள். மத்தேயு 1:18இல் கிறிஸ்துவின் பெயரைத் தொடங்கும் கிரேக்க எழுத்துகள் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கும். முழுப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கீழ்ப்பகுதியைப் பெரிதாக்குங்கள். இரண்டு பூனைகள் பார்த்திருக்க, எலிகள் வட்டமான அப்பம் ஒன்றைக் கடித்துக்கொண்டிருக்கும். அதற்குச் சற்று வலப்புறம் ஒரு நீர்நாய், வாயில் மீனோடு.